தாடை நிமிரட்டும்

– இன்னும் குனிஞ்சுதான் இருக்கா?

– ஸ்கேன்ல இன்னும் குனிஞ்சுதான் இருக்கு. தாடையை நெஞ்சுல ஒட்டி வச்சுக்கிட்டு, திட்டு வாங்கின பிள்ளை மாதிரி.

– அப்படியே அளந்துடுங்களேன்.

– மாட்டேன்.

– மாட்டீங்களா?

– கழுத்து குனிஞ்சிருக்கும்போது அளந்தா, பின்னாடி இருக்கிற தண்ணிக் கோடு அமுங்கி ஒல்லியாத் தெரியும். தலை பின்னால சாய்ஞ்சிருந்தா அதே கோடு தடிப்பாத் தெரியும். சும்மா நேராப் படுத்திருக்கணும். நாம பாக்கறது ஒரு மில்லிமீட்டர்ல பத்துல ஒரு பங்கும்மா. அதுல ஏமாந்தா எல்லாத்துலயும் ஏமாந்த மாதிரி. அவசரம் இல்ல.

– வெளியில நாலு பேர் உட்கார்ந்திருக்காங்க.

– உட்காரட்டும். இந்த ஆஸ்பத்திரியில எனக்கு நத்தைன்னு பேரு. லிஸ்பெட் ஸ்கேன் பண்றாளா, அப்ப ரொட்டி கட்டி எடுத்துட்டு போன்னு சொல்லுவாங்க. உன் காதுக்கு வரலையா?

– வந்துச்சு. அதனாலதான் உங்க பேரைச் சொல்லி நேரம் கேட்டேன்.

– என் பேரையா? இங்க யாரும் பேரைச் சொல்லிக் கேக்கறதில்லையே. கிடைச்ச அறைக்குப் போவாங்க. யாரு சொன்னா உனக்கு?

– சொல்றேன். முதல்ல இவன் நிமிரட்டும்.

– இவனா இவளான்னு இன்னும் தெரியாது. பன்னெண்டு வாரத்துல எல்லாம் ஒரே இறால்தான். சரி, ரெண்டு தடவை இருமு பாப்போம்.

– உக்கும். உக்கும்.

– இது தொண்டையைச் செருமறது. மீன் முள்ளு மாட்டின மாதிரி இருமு.

– இப்ப?

– அசைஞ்சுது... இல்ல, காலை மட்டும் நீட்டிட்டு மறுபடி சுருண்டுக்கிச்சு. பிடிவாதம். இடது பக்கம் சாய்ஞ்சு படு. அஞ்சு நிமிஷம் பாப்போம். விலாசத்துல என்ன போட்டிருக்கு... ஆன்ஹோல்ட். தீவுலருந்தா வர்றே?

– ஆமா.

– படகு எத்தனை மணிக்கு?

– ஏன் கேக்கறீங்க?

– தீவுக்காரங்ககிட்ட நான் முதல்ல கேக்கறது அதைத்தான். இன்னைக்கு மறந்துட்டேன். ஒரு நாளைக்கு ஒரே படகுதான். அது போயிட்டா ராத்திரி கரையிலதான் தங்கணும்.

– நான் இன்னைக்குப் போகலை. கரையிலயே, கிரெனோவுல நாத்தனார் வீட்டுல தங்கறோம். சாயங்காலம் வரைக்கும் படுக்கச் சொன்னாலும் படுப்பேன்.

– நல்லது. இப்படி ஏற்பாடு பண்ணிட்டு வர்றவங்கதான் எனக்குப் பிடிக்கும். ஒரு தடவை ஒருத்தி... சரி விடு. இன்னொருத்தங்க விஷயம். நான் சொல்லக் கூடாது.

– ஒருத்தி படகு போயிடும்னு அவசரப்பட்டா. பத்து வருஷத்துக்கு முந்தி, மார்ச் மாசம், வியாழக்கிழமை. குழந்தை இதே மாதிரி குனிஞ்சிருந்துது. நீங்க ஒண்ணு புள்ளி எட்டுன்னு போட்டு, எல்லாம் நல்லா இருக்குன்னு அனுப்பி வச்சீங்க.

– இதெல்லாம் உனக்கு யாரு சொன்னா?

– நான்தான் அது. அப்ப முடி நீளம். கல்யாணம் ஆகலை, குடும்பப் பேரு வேற. ரிக்கே.

– ரிக்கே.

– ஆமா.

– நான் வேற ஆளைக் கூப்பிடறேன். இது முறையில்ல. நீ முன்னாடியே சொல்லியிருக்கணும். பக்கத்து அறையில நல்ல பொண்ணு இருக்கா, என்னைவிட நல்லா...

– உட்காருங்க. வயித்துல ஜெல் காயுது.

– ரிக்கே, உனக்கு நான்...

– சண்டை போட வரலை. சண்டை போடறவ வயித்தைத் திறந்து காட்டிட்டா படுத்திருப்பா?

– நான் மன்னிப்புக் கேட்டு எழுதின கடிதம் கிடைச்சுதா உனக்கு?

– கிடைச்சுது. கைப்பையில இருக்கு.

– நீ பதில் போடலை.

– என்னன்னு போடறது?

– திட்டிப் போட்டிருக்கலாம். நான் அதைத்தான் எதிர்பார்த்தேன். ஒரு வருஷம் தபால் பெட்டியைத் திறக்கறதையே தள்ளிப் போட்டுக்கிட்டிருப்பேன். கடைசியில என் புருஷன்தான் திறந்து பார்த்து, ‘ஒண்ணுமில்ல, மளிகைக் கடை விளம்பரம்தான்’னு சொல்லுவார்.

– திட்டறதுக்கு என்ன இருக்கு?

– என்ன இருக்கா? டவுன் சிண்ட்ரோம் குழந்தை பிறந்துது, ஸ்கேன்ல யாரும் சொல்லலைன்னு தெரிஞ்சதும் நான் பிடிச்ச ஸ்கேன் படத்தை எடுத்து அஞ்சு பேர் உட்கார்ந்து பார்த்தாங்க. பார்க்கவே வேண்டியதில்ல, குருடனுக்குக்கூடத் தெரியும். தாடை நெஞ்சுல. அந்தப் படத்தை வச்சு அளந்தேனே, நான் ஒரு... இப்பவும் புதுசா வர்றவங்களுக்குப் பாடம் எடுக்கும்போது முதல்ல அதைத்தான் காட்டறேன். பேரை மறைச்சுட்டு. எப்படி அளக்கக் கூடாதுன்னு.

– இருங்க. கார்லாவோட முதல் போட்டோவையா?

– கார்லாவா பேரு?

– கார்லா. அவகிட்டச் சொன்னா ஒரு வாரம் தரையில நிக்க மாட்டா. நாடு முழுக்க அவ போட்டோவைப் பார்த்துத்தான் படிக்கறாங்கன்னு.

– சிரிக்கறே.

– சிரிக்காம? சிரிங்க நீங்களும். வயிறு குலுங்கினா இவனும் நிமிர்வான்.

– எனக்குச் சிரிப்பு வரலை ரிக்கே.

– சரி, நேராவே சொல்றேன். நான் நன்றி சொல்லத்தான் வந்தேன்.

– எதுக்கு?

– அன்னைக்கு நீங்க கோடு தடிப்பா இருக்கு, மூணரைன்னு சொல்லியிருந்தா நான் கலைச்சிருப்பேன். ரெண்டு நாள் யோசிச்சிருப்பேன், அவ்வளவுதான். எல்லாரும் செய்றதுதான், செய்றவங்க யாரையும் நான் தப்பு சொல்லலை. எனக்கு இருபத்தெட்டு வயசு, தீவுல ஒரே மளிகைக் கடை, அதை நான்தான் பார்த்துக்கிட்டிருந்தேன். கலைச்சுட்டு அடுத்த வாரம் கடையைத் திறந்திருப்பேன். கார்லாவைத் தெரியாமலே இருந்திருப்பேன்.

– தப்புக்கு நன்றி வாங்கற ஆள் இல்லம்மா நான். நீ சொல்றது எனக்குப் புரியுது. ஆனா அதை என்னால வாங்கிக்க முடியாது. அன்னைக்கு வேற ஒருத்தி படுத்திருந்தா? அவ கதை வேற மாதிரி போயிருந்தா? தப்பு தப்புதான்.

– தெரியும்.

– அப்புறம் அந்தக் குழந்தைக்கு இதயத்துல...

– ஓட்டை. அதையும் சொல்றேன். மூணு வாரம் முந்தியே பிறந்துட்டா, தீவுலயே. நீல நிறம். டாக்டர் கரையில, ஹெலிகாப்டர் வர நாப்பது நிமிஷம். என் புருஷன் யெப்பே அவளை ஸ்வெட்டருக்குள்ள வச்சுக்கிட்டு கடை வாசல்ல நின்னான். முன்னாடியே தெரிஞ்சிருந்தா நான் ரெண்டு மாசம் முந்தியே பெரிய ஆஸ்பத்திரி பக்கத்துல அறை எடுத்திருப்பேன். தெரிஞ்சிருந்தா அவளே இருந்திருக்க மாட்டா. ரெண்டும் உண்மை. இதை எங்க வச்சு எப்படி எண்ணறதுன்னு எனக்கு இன்னும் தெரியலை.

– அதனாலதான் இந்தத் தடவை...

– இந்தத் தடவை தெரியணும். கலைக்கறதுக்கு இல்ல. தயாரா இருக்கணும், அதுக்கு. எண் என்னவோ அதை அப்படியே சொல்லுங்க, நான் ஓட மாட்டேன். அதனாலதான் நத்தையைத் தேடி வந்தேன்.

– அம்மா!

– கார்லா, கதவைத் தட்டிட்டு வரணும்னு எத்தனை தடவை...

– தட்டினேன். மனசுக்குள்ள.

– அப்பா எங்க?

– அப்பா தூங்குது. வாயைத் திறந்துக்கிட்டு. எல்லாரும் பார்க்கறாங்க. எனக்கு வெக்கமா இருக்கு. இது யாரு?

– இவங்க லிஸ்பெட். உன்னை உலகத்துலயே முதல்ல பார்த்தவங்க. எனக்கு முந்தி.

– வணக்கம் லிஸ்பெட். உனக்கு ஏன் கண்ணு சிவப்பு?

– தூசு விழுந்துச்சும்மா.

– ரெண்டு கண்ணுலயுமா?

– கார்லா, தொல்லை பண்ணாதே. இங்க பார், திரையில.

– இதுவா? இது குட்டி. இது நானா?

– நீ இல்ல. புதுசு.

– ஆமா. எனக்குக் கண்ணாடி இருக்கு. இதுக்கு இல்ல. ஏன் படுத்தே கிடக்கு?

– நிமிர மாட்டேங்குது கார்லா. நான் எவ்வளவோ கெஞ்சிட்டேன். உனக்கு ஏதாவது வழி தெரியுமா?

– சோம்பேறி. பசியா இருக்கும். அம்மா, என் சாறைக் குடி. இதுக்கு மேல குடிக்கக் கூடாது. கோடு போட்டிருக்கேன் பார், பேனாவால.

– கோடு எங்க போட்டிருக்கா பார்த்தீங்களா? எனக்கு ரெண்டு வாய்கூட வராது.

– அவ கோடு சரியாத்தான் போட்டிருக்கா. குடி, குடி. இனிப்பு உள்ள போனா துள்ளும்.

– எல்டர்பூ சாறு. எனக்குப் பிடிச்சது. உனக்காகக் கொடுத்தேன். ஞாபகம் வச்சுக்க.

– வச்சுக்கறேன் ராணி.

– இப்ப குதி.

– என்னது?

– குதி. படகு வந்தா நான் குதிப்பேனே. கரையில. அப்படி.

– அவ சொல்றது சரிதான் ரிக்கே. எழுந்து குதி. நானே சொல்லலாம்னு இருந்தேன், நீ என்னவோ சொன்னதுல மறந்துட்டேன்.

– இந்த வயித்தையும் ஜெல்லையும் வச்சுக்கிட்டு? சரி. எண்ணு கார்லா.

– ஒண்ணு. ரெண்டு. மூணு. அஞ்சு. ஆறு.

– நாலு எங்கடி?

– நாலு பிடிக்காது. குதி, நிக்காதே. ஏழு. எட்டு. போதும். படு.

– மூச்சு வாங்குது. பார்த்தீங்களா லிஸ்பெட், வீட்டுல தினமும் இதே உத்தரவுதான்.

– இந்தப் பிரிவுக்கு இவளை மேற்பார்வைக்குப் போடலாம். சரி, படுத்துட்டியா? ஜெல் ஜில்லுன்னு இருக்கும். இப்ப பாப்போம்... ம்ம் ம்ம்ம்...

– லிஸ்பெட் பாடுது.

– பழக்கம் கார்லா. வாய்க்குள்ளயே ஏதாவது ஓடிக்கிட்டிருக்கும். உனக்குப் பிடிக்கலைன்னா நிறுத்தறேன்.

– நிறுத்தாதீங்க!

– என்ன ரிக்கே, இப்படி அலறறே?

– ஒண்ணுமில்ல. நிறுத்தாதீங்க, அவ்வளவுதான். பாடிக்கிட்டே பண்ணுங்க.

– சரி சரி. ம்ம் ம்ம்ம்... ஓ. திரும்புது. முதுகு கீழ போகுது. அப்படித்தான். தாடை... தாடை நிமிருது. யாரும் பேசாதீங்க.

– நான் பேசலை.

– பேசறே கார்லா.

– இப்ப பேசலை.

– மூக்கு எலும்பு தெரியுது, நல்லா. தலை, நெஞ்சு, அது மட்டும் திரையில. தோல் தனி, பின்னாடி இருக்கிற மெல்லிசுச் சவ்வு தனி. இதையும் அதையும் ஒண்ணுன்னு எடுத்தா போச்சு. ஒண்ணு புள்ளி அஞ்சு.

– சொல்லுங்க, அதுக்கு என்ன அர்த்தம்?

– மூணு தடவை அளக்கணும். அவசரம் இல்ல.

– பாட்டை நிறுத்திட்டீங்க.

– எண்ணிக்கிட்டிருக்கேன்மா. ஒண்ணு புள்ளி ஆறு. இன்னொண்ணு. ஒண்ணு புள்ளி அஞ்சு. மூணுல பெரியதை எடுத்துக்கணும். ஒண்ணு புள்ளி ஆறு.

– அது...

– நல்ல எண். ரொம்ப நல்ல எண். போன வாரம் எடுத்த ரத்தம், உன் வயசு எல்லாத்தையும் சேர்த்துப் போட்டா... டவுன் சிண்ட்ரோமா இருக்க வாய்ப்பு ரெண்டாயிரத்து நானூறுல ஒண்ணு.

– அன்னைக்கும் ஏதோ ஆயிரத்துல ஒண்ணுன்னுதான் சொன்னீங்க.

– சொன்னேன். இன்னைக்கு இந்தப் படத்தை அஞ்சு பேர் இல்ல, அம்பது பேர் வந்து பார்க்கட்டும். தாடை நேரா இருக்கு. நூத்துக்கு நூறுன்னு இந்த மிஷின் யாருக்கும் எழுதிக் குடுக்காது ரிக்கே. ஆனா என் கையால இதுக்கு மேல சுத்தமா அளக்க முடியாது. இதயத்தை இருபதாவது வாரத்துல நல்லாப் பாப்போம். அதுக்கு இப்பவே நேரம் போட்டுடறேன்.

– நன்றி. இந்தத் தடவை வாங்கிக்குவீங்கல்ல?

– இதை வாங்கிக்கறேன்.

– என்ன சொல்றீங்க? எனக்குச் சொல்லுங்க.

– பாப்பா நல்லா இருக்காம் கார்லா.

– என்னை மாதிரியா?

– உன்னை மாதிரி இருக்காதுன்னு தோணுது. அப்பா மாதிரி, என்னை மாதிரி.

– பாவம்.

– பாவமா?

– பரவால்ல. நான் சொல்லித் தர்றேன். லிஸ்பெட், நகரு. கொடி ஆட்டணும்.

– எதுக்கும்மா கொடி?

– படகுல யாராவது வந்தா கரையில நின்னு கொடி ஆட்டுவோம். இது வருது. அதான். காகிதக் கொடி, பையில மடங்கிப்போச்சு. ஆனா கொடிதான்.

– ஆட்டு, ஆட்டு. திரைகிட்ட வந்து ஆட்டு. எனக்கு இந்த அறையில இருபத்து மூணு வருஷம் ஆச்சு, யாரும் கொடியோட வந்ததில்ல.

– அது பார்த்துச்சு. கையை ஆட்டிச்சு. நான் அப்பாகிட்டச் சொல்லப் போறேன். நான்தான் சொல்லுவேன். நீங்க யாரும் சொல்லக் கூடாது.

– போ. மெதுவா எழுப்பு. மூக்கைப் பிடிக்காதே... போயிட்டா. மூக்கைத்தான் பிடிப்பா.

– கதவைச் சாத்தட்டுமா? இந்தா, துடைச்சுக்க. நல்ல பொண்ணு ரிக்கே. நான் அவளை எத்தனையோ விதமா நினைச்சுப் பார்த்திருக்கேன். ராத்திரி தூக்கம் வராம. இப்படி வந்து என்னை நகருன்னு சொல்லுவான்னு நினைக்கவே இல்ல.

– லிஸ்பெட், இந்தக் கடிதத்தை வாங்கிக்கங்க.

– எதுக்கு? அது உனக்கு எழுதினது.

– தெரியும். நாலா மடிச்சு, கடையில உப்பு டப்பாவுக்குப் பின்னாடி ஒம்பது வருஷம் வச்சிருந்தேன். யெப்பேகிட்டக்கூடக் காட்டலை. இனி என்னால வச்சுக்க முடியாது.

– ஒவ்வொரு வார்த்தையும் நினைச்சு எழுதினேன் ரிக்கே. நான் உன்னைப் பிடிச்சு நிறுத்தியிருக்கணும். படகு போனா போகட்டும், இன்னைக்கு இங்க தங்கு, எனக்கு இந்தக் கழுத்து நேராத் தெரியணும்னு சொல்லியிருக்கணும். நீ படகுன்னு சொன்னதும் கையை எடுத்துட்டேன். ஒரு எண்ணைப் போட்டு அனுப்பிட்டேன். அன்னையிலருந்து யார் வந்து படுத்தாலும் என் காதுல அந்தப் படகுதான் ஊதுது.

– நீங்க அன்னைக்கு மூணு தடவை சொன்னீங்க, ‘கொஞ்சம் இரும்மா, நிமிரட்டும்’னு. ஞாபகம் இருக்கா?

– சொன்னேனா?

– சொன்னீங்க. இப்ப மாதிரியே வாய்க்குள்ள பாடிக்கிட்டே அளந்துக்கிட்டிருந்தீங்க. திடீர்னு பாட்டு நின்னுபோச்சு. உங்க முகத்தைப் பார்த்தேன். திரையையே உத்துப் பார்த்துக்கிட்டிருந்தீங்க. ‘இன்னொரு தடவை பாக்கணும்’னீங்க. அப்பதான் நான் எழுந்து செருப்பைத் தேடினேன்.

– படகுக்கு நேரமாச்சுன்னு.

– ஆமா. மூணு மணிப் படகுக்கு நேரமாச்சுன்னு.

– அதுல உன் தப்பு என்ன இருக்கு? தீவுக்காரிக்குப் படகு முக்கியம்தானே.

– அன்னைக்குப் படகே ஓடலை, லிஸ்பெட். காத்துன்னு காலையிலேயே நிறுத்திட்டாங்க, அது எனக்கு உங்க அறைக்குள்ள வர்றதுக்கு முன்னாடியே தெரியும்.